செயலாளர் இறந்ததால் தொடங்கிய கிளப்

மச்சான் படகுக் கிளப்பில் சேர வேண்டும் என்று கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கிளப் ஊரிலேயே இல்லை என்பதுதான் சிக்கல். அந்த விஷயம் அந்த வீட்டில் இரங்கல் சார் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில், தலைமை வகிப்பவர்போல மனைவியின் அண்ணன். தண்ணீர் இறைக்கும் மோட்டார் செய்யும் கம்பெனியில் காலமெல்லாம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை செய்ய ஆள் கிடைக்காமல் தவித்து, தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவுக்கே குடிவந்துவிட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் மாப்ளே. எனக்கும் ஒரு இடம் சொல்லி வைங்க," என்றார் மச்சான்.

இரங்கல் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு நாளிதழின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் அவருடைய மேஜை. அழுத கண்ணோடு வருபவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இறந்தவரின் விவரம் கேட்டு விளம்பரம் எழுதித் தருவது அவர் வேலை. காலமானாரா, மறைந்தாரா, இயற்கை எய்தினாரா என்று குடும்பத்தின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார். பெரும்பாலும் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தைத்தான் வெட்டிக் கொண்டுவருவார்கள். தோளில் வேறு யாருடைய கையோ மிச்சம் இருக்கும். அந்தக் கையை அழிக்கச் சொல்லி ஓவியரிடம் அனுப்பும்போதெல்லாம் அவருக்கு மனசு கனக்கும். இத்தனை வருஷத்தில் குரலே தாழ்ந்துபோய், கடையில் சோப்பு கேட்டால்கூடக் கடைக்காரர் "ஐயோ, என்ன ஆச்சு சார்?" என்பார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். ஒரே மகள் வேலை கிடைத்து வெளிநாடு போனபிறகுதான் புருஷனும் மனைவியும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை காலமும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு" என்று எல்லாமே மகள் வழியாகத்தான் போய் வந்திருந்தது. அவள் விமானம் ஏறியதும் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வாரநாட்களில் பரவாயில்லை, ஊரில் யாராவது இறந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் தாங்க முடியவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிறு மதியம் அவர் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து மனைவி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். அந்த வாரத்திலேயே அவள் கேட்ட ஒரே கேள்வி அது. 'உன்னோடு இந்த மௌனத்தில் உட்கார முடியவில்லை' என்று சொல்ல முடியுமா? எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது.

"படகுக் கிளப்புக்கு. சேர்ந்திருக்கேன்," என்றார்.

மனைவி அவரையும் அவர் காலிலிருந்த செருப்பையும் பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது அவரைச் சுட்டது. நீச்சல் தெரியாதவர், தண்ணீரென்றால் நடுங்குகிறவர், தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினால் அலுவலகத்துக்கே விடுப்பு போடுகிறவர். அப்படிப்பட்ட மனுஷன் படகில் போகிறேன் என்றால், கட்டியவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? இந்த வருத்தத்தையும் சுமந்துகொண்டு ஊர்க்கோடியில் இருந்த ஏரிக்குப் போனார். கரையில் மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்தார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அதே பெஞ்சு. ஒரு வருஷமாக அவர் செய்த படகோட்டம் அவ்வளவுதான்.

இப்போது மச்சான் பதிலுக்குக் காத்திருந்தார்.

கிளப்பில் இடமில்லை, புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று இரங்கல் சார் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தார். இடமில்லை என்று சொன்னவன் எவன், செயலாளர் யார், நாளைக்கே நேரில் போய்ப் பேசுகிறேன் என்று மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செயலாளரைப் பார்க்க முடியாது மச்சான். அவர் காலமாயிட்டாரு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பழக்க தோஷம். ஒருவரைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தெரியாதபோது அவர் வாயில் முதலில் வருவது இதுதான்.

மனைவி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "எப்படி?"

"தண்ணில. படகு கவுந்துருச்சு. படகும் போச்சு."

செயலாளரையும் படகையும் ஒரே மூச்சில் ஒழித்துவிட்டதில் அவருக்கே ஒரு நிம்மதி. மனைவி தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் ரொம்பநேரம் ஓடியது. மச்சான் மரியாதைக்காக ஒரு நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டு, இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். எல்லாரும் செயலாளர் என்றுதான் கூப்பிடுவோம் என்றார் இரங்கல் சார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் அவருடைய மேஜைக்கு முன்னால், துக்கப்பட்டவர்கள் உட்காரும் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"கிளப் சார்பா ஒரு இரங்கல் விளம்பரம் போடணும் மாப்ளே. நீங்க இதே வேலையில இருந்துகிட்டு உங்க செயலாளருக்குப் போடலைன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

படம் இல்லாமல் போட முடியாது என்று மறுத்துப் பார்த்தார். ஆளில்லாத ஒரு பாய்மரப் படகை வரைந்து போட்டுவிடலாம், பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும் என்று மச்சான் யோசனை சொன்னார். அந்த யோசனை நன்றாக இருந்ததுதான் கொடுமை. பிறக்காத ஒரு மனிதரின் மறைவுக்கு வருந்தி விளம்பரம் எழுதி, அதில் இருந்த ஒரு எழுத்துப் பிழையையும் தொழில் பக்தியோடு திருத்தி, இரங்கல் சார் அச்சுக்கு அனுப்பினார். கீழே மச்சான் கேட்டபடி, ஞாயிறு மாலை ஏரிக்கரையில் இரங்கல் கூட்டம் என்றும் ஒரு வரி.

கூட்டத்துக்கு மச்சானும் தானும் மட்டும்தான் இருப்போம், கொஞ்சநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துப் போனார். ஏரிக்கரை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நம்ம ஊரில் படகுக் கிளப் இருப்பதே தெரியாமல் போய்விட்டதே என்ற ஆதங்கத்தில் பலர் வந்திருந்தார்கள். பூங்கொத்தோடு ஒரு பல் டாக்டர். பள்ளியில் கடலையும் காற்றையும் காலமெல்லாம் கரும்பலகையில் மட்டுமே பார்த்து ஓய்வு பெற்ற பூகோள டீச்சர். சவப்பெட்டி செய்யும் தச்சர் ஒருவர். அவர் நாளிதழில் இரங்கல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எல்லா இரங்கல் கூட்டத்துக்கும் போகிறவர்.

இரங்கல் சார் பயந்ததெல்லாம் ஏரிக்கரைக் காவலாளியை நினைத்துத்தான். இந்த ஏரியில் படகும் இல்லை, கிளப்பும் இல்லை, இவர் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார் என்பதை அறிந்த ஒரே ஜீவன் அவர்.

முதலில் பல் டாக்டர் பேசினார். செயலாளரைத் தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்று தொடங்கினார். கூட்டத்தில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சியதும் அவர் குரல் மாறியது. செயலாளரின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தான்தான் எடுத்ததாகவும், ஊசி போட்டபோதுகூட முகம் சுளிக்காத மனிதர் என்றும் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூகோள டீச்சருக்கும் சில ஞாபகங்கள் வந்தன. கடைசியில் காவலாளி முன்னால் வந்தபோது இரங்கல் சார் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

"தினமும் காலைல நான்தான் அவருக்குக் கேட்டைத் திறந்துவிடுவேன். நல்லாருக்கியான்னு கேக்காம போக மாட்டாரு. இனிமே யாரு கேப்பா?" என்று சொல்லிவிட்டுக் காவலாளி தேம்பினார்.

இரங்கல் சாருக்கே ஒருகணம் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கிளப்பில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரும் எழுந்து நின்று அந்தச் செயலாளருக்காக மௌனம் காக்கிறார்கள்.

மனைவியும் அண்ணனோடு வந்திருந்தாள். அவள் கூட்டத்தைப் பார்க்கவும் இல்லை, பேச்சைக் கேட்கவும் இல்லை. கரையோரம் தனியாகப் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே, இவளுக்கு மனசு இறுகிப்போய்விட்டது என்று இரங்கல் சார் நினைத்துக்கொண்டார். செத்தவர் என்று யாரும் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மௌன அஞ்சலி முடிந்ததும் மச்சான் ஒரு கல்மேல் ஏறினார். போனவர் போய்விட்டார், அவரோடு கிளப்பும் போய்விடக் கூடாது என்றார். வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே உறுப்பினர் ஆனார்கள். மச்சான் செயலாளர் ஆனார். பழைய உறுப்பினர்களில் மிஞ்சியிருப்பவர் என்ற முறையில் இரங்கல் சார் தலைவரும் பயிற்சியாளரும் ஆனார். அவர் மறுத்ததை எல்லாரும் துக்கம் என்று புரிந்துகொண்டார்கள்.

படகு இல்லாதவரை உயிருக்கு ஆபத்தில்லை. படகு செய்வதை எப்படியாவது இழுத்தடிக்க வேண்டும் என்று யோசித்து, அந்த வேலையைச் சவப்பெட்டித் தச்சரிடம் கொடுக்கலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். அந்த மனுஷன் தனக்குத் தெரியாத வேலை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார் என்பது கணக்கு. தச்சர் கண் கலங்கிவிட்டார்.

"நான் செஞ்ச சாமானைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல சார். எனக்கு இந்த ஒண்ணைக் கொடுங்க. சொட்டுத் தண்ணி உள்ள இறங்காம செஞ்சு தர்றேன்."

சொன்னபடியே செய்தார். மற்ற வேலைகளை ஓரம் கட்டிவிட்டு இழைத்து, ஒட்டி, கறுப்பு மெருகு போட்டு, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளி நிறக் கைப்பிடிகள் வைத்தார். உள்ளே உட்காரும் இடத்தில் வெள்ளை சாட்டின் மெத்தை. மேலே ஒரு மூடியும் போடுகிறேன் என்றவரைத் தடுப்பதற்குள் மச்சானுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

படகு தயாராகும்வரை தரையிலேயே பயிற்சி நடந்தது. பட்டறையில் சுற்றிலும் சவப்பெட்டிகள் சாய்த்து வைத்திருக்க, நடுவில் இரண்டு மரக்கட்டைகள்மேல் ஏற்றிவைத்த படகில் உறுப்பினர்கள் வரிசையாக உட்காருவார்கள். இரங்கல் சாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல். அந்தக் குரலிலேயே சொல்லிக்கொடுத்தார். காற்று பலமாக வந்தால் எதிர்த்துப் பயனில்லை, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பார். பாய் படபடத்தால் பொறுத்திருக்க வேண்டும், எல்லாம் ஒருநாள் அடங்கும் என்பார். உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். இவ்வளவு மனசுக்கு ஆறுதலான பாடத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று பூகோள டீச்சர் சொன்னார். பெட்டி வாங்க வந்தவர்கள் மட்டும், ஒரு கும்பல் கறுப்புப் படகில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். தச்சர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சலித்துப்போய் நாலு பேராவது விலகுவார்கள் என்று தலைவர் எதிர்பார்த்தார். வாராவாரம் ஆள் கூடியது. இத்தனைக்கும் நடுவில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மாற்றம் நடந்திருந்தது. ஞாயிறு எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்திருந்தார். பட்டறையில் யாராவது ஏதாவது கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். அப்படி ஒன்று நடந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. படகு மட்டும் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் அவர் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே இருந்திருப்பார்.

பாய் தைக்கும் வேலையை மச்சான் தன் தங்கையிடம் ஒப்படைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் இரங்கல் சார் வீட்டுக்கு வந்தபோது கூடம் முழுக்க வெள்ளைத் துணி. நடுவில் தையல் மெஷினும் மனைவியும். அவர் சுவரோரமாக நடந்து உள்ளே போகப் பார்த்தார்.

"படகு கவுந்தா இந்தத் துணி ஆள் மேல விழுமா?" என்று அவள் கேட்டாள்.

"விழலாம். ஆனா கிழியாது. கெட்டித் துணி," என்றார்.

அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அவ்வளவு பாடுபட்டுத் தைக்கிறாள், துணி வீணாகிவிடுமோ என்ற கவலை நியாயம்தான் என்று அவர் நினைத்தார். அந்தக் கவலையில் பத்தில் ஒரு பங்கு தன்மேல் இருக்கக் கூடாதா என்றும் நினைத்தார்.

கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். ஏரியில் படகு விட வேண்டுமானால் ஆபத்துக்கு உதவ நீச்சல் தெரிந்த ஆள் ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்று நகராட்சியில் சொன்னார்கள். மச்சான் நகராட்சி நீச்சல்குளத்துக்கு ஆள் அனுப்பி, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். முதல் ஓட்டம் தலைவருடையது, அதுவும் தனியாக, அதுதான் அழகு என்றும் முடிவாயிற்று. தலைவருக்காக மச்சான் நீல நிறத்தில் பித்தளைப் பொத்தான் வைத்த கனமான கோட்டு ஒன்றும் தைத்துவைத்தார்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் இரங்கல் சார் பல் டாக்டரிடம் ஓடினார். ஒரு பல்லை எடுத்துவிட்டால் முகம் வீங்கும், படுத்துவிடலாம் என்பது திட்டம். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டதற்கு ஏதோ ஒன்றைக் காட்டினார். அது நல்ல பல். டாக்டர் தலைவருக்குச் செய்கிற சேவையாக நினைத்து மனமார எடுத்துக் கொடுத்தார். பிறகு, நாளைக்கு ஏரிக்காற்று பட்டால் வீக்கம் வடிந்துவிடும், அவசியம் போக வேண்டும் என்று கட்டளையிட்டார்.

வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவர், இனி ஒரே வழிதான் என்று மனைவி எதிரில் போய் நின்றார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிளப் இல்லை, செயலாளர் இல்லை, இருந்ததெல்லாம் ஒரு பெஞ்சு. வாயைத் திறந்தார். ஊசியில் மரத்துப்போயிருந்த வாயிலிருந்து கொழகொழ என்று ஏதோ சத்தம் வந்தது. அவர் இன்னொரு முறை முயன்றார். எச்சில்தான் வந்தது.

மனைவி துண்டை எடுத்து அவர் தாடையைத் துடைத்துவிட்டாள். "பேசாதீங்க, வலிக்கும்," என்றாள். துண்டை மடித்துக்கொண்டே, "நாளைக்கு அந்தக் கோட்டு வேணாம். கனமா இருக்கு. லேசா ஒரு சட்டை போட்டுக்கங்க," என்றாள்.

கோட்டு நனைந்தால் காயப்போடுவது அவளுக்குத்தான் வேலை. அது அவருக்குப் புரிந்தது.

மறுநாள் ஏரிக்கரையில் வானம் மூடிக் கிடந்தது. ஊரே வந்திருந்தது. பட்டறையிலிருந்து ஏரிவரை, பக்கத்துக்கு மூவராகக் கைப்பிடியைப் பிடித்துத் தோளில் சுமந்து, உறுப்பினர்கள் படகைத் தூக்கி வந்தார்கள். வழியில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கரையில் நீச்சல்குளத்துப் பெண் கழுத்தில் விசிலும் பக்கத்தில் ஒரு காற்றடைத்த வளையமுமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் இரங்கல் சாருக்கு ஒரு துளி தைரியம் வந்தது.

லேசான சட்டையோடு அவர் படகில் ஏறி சாட்டின் மெத்தையில் உட்கார்ந்தார். மச்சான் ஒரு தள்ளுத் தள்ளினார்.

தச்சர் பொய் சொல்லவில்லை. படகு அவ்வளவு அழகாக மிதந்தது. வெள்ளைப் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது. கரையில் எல்லாரும் கைதட்டினார்கள், தச்சர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். படகு ஏரி நடுவுக்கு நேராகப் போயிற்று. அதைத் திருப்புவது எப்படி என்று இரங்கல் சாருக்குத் தெரியாது. தலைவர் நெஞ்சை நிமிர்த்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தைக் கரையில் மெச்சிக்கொண்டார்கள். பயத்தில் அவருக்கு உடம்பு விறைத்திருந்தது. அப்போது காற்று திசை மாறியது. தலையைக் குனிய வேண்டும் என்று வாராவாரம் சொல்லிக்கொடுத்தவர் குனிய மறந்தார். பாயின் கீழ்க்கட்டை சுழன்று வந்து அவர் காதோரம் அறைந்தது.

படகு கவிழவில்லை. அவர்தான் கவிழ்ந்தார்.

கரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் உறுப்பினர்களுக்கு ஒரு உண்மை தெரிந்தது. கிளப்பில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நீச்சல்குளத்துப் பெண் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஏரியைப் பார்த்தபடி நாற்காலியிலேயே இருந்தாள்.

கரையோரம் நின்றிருந்த மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததையும், கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டதையும் யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள். அவள் நீந்திக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், ஒரே சீராக, கையை வீசி வீசிக் கோடு போட்டாற்போலப் போனாள்.

இரங்கல் சார் ஒருமுறை உள்ளே போய் ஒருமுறை மேலே வந்தார். தன்னைப் பற்றிய விளம்பரத்தை யார் எழுதுவார்கள், படத்தில் தோளில் இருக்கும் கையை அழிப்பார்களா என்றெல்லாம் தோன்றியது. இரண்டாவது முறை உள்ளே போகும்போது ஒரு கை பின்னாலிருந்து அவர் தாடையைப் பிடித்து மேலே தூக்கியது. தலையைத் திருப்பாமலே அது யார் கை என்று அவருக்குத் தெரிந்தது. செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததால் தைரியம் வந்துவிட்டது. தண்ணீரைக் கக்கிக்கொண்டே சொன்னார்.

"கிளப்னு ஒண்ணு இல்லவே இல்ல. செயலாளரும் இல்ல. ஒரு வருஷமா அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். வீட்டுல இருக்க முடியலை."

"வாயை மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க," என்றாள் மனைவி. அவரை இழுத்துக்கொண்டு கரையைப் பார்த்து நீந்தினாள்.

கேட்டாளா, கேட்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு வருஷப் பொய் நெஞ்சை விட்டு இறங்கியதுபோல லேசாக இருந்தது. வீங்கிய கன்னத்தில் தண்ணீர் ஜில்லென்று பட்டது. டாக்டர் சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தார்.

கரையில் அவரைப் படுக்கவைத்தார்கள். மனைவி அவரை ஒருபக்கமாகப் புரட்டி முதுகைத் தட்டினாள். கொஞ்சம் ஏரி வெளியே வந்தது. பூகோள டீச்சர் தன் சால்வையை அவள் தோளில் போட்டார். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மச்சானுக்குப் பயம் தெளிந்து கோபம் வந்துவிட்டது. மேற்பார்வையாளர் குரலில் நீச்சல்குளத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். ஒரு உயிர் போகப் பார்த்தது, கூப்பிட்டது எதற்கு, நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கவா, நாளைக்கே நகராட்சியில் எழுதிக் கொடுக்கிறேன் என்று பொரிந்தார்.

அந்தப் பெண் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டினாள்.

"அவரை நான்தான் தூக்குவேன், நீ எழுந்திரிக்கக் கூடாதுன்னு அக்கா காலைலயே சொல்லிட்டாங்க சார். வீட்டுக்காரர் படகுக் கிளப்புல சேர்ந்துட்டாரு, அவருக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிகிட்டு போன வருஷமே எங்க குளத்துக்கு வந்தவங்க. முதல்ல எல்லாம் இடுப்பளவு தண்ணில நின்னாலே பயத்துல அழுவாங்க. வேணாம்னா விட்டுருங்கக்கான்னா கேக்க மாட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்ல. அவரு தண்ணில இருக்கற நேரத்துல நான் மட்டும் கரையில எப்படி உக்காந்திருக்கறதும்பாங்க."